‘கொண்டிருந்தேன்’ எல்லாம் ‘வாஸ்’ ஆகாது: என் அனுபவம்

ஆங்கிலத்தின் இறந்தகாலத் தொடர்வினையை நான் பல ஆண்டுகள் தவறாகவே கையாண்டேன். ‘கொண்டிருந்தேன்’ என்று முடியும் ஒவ்வொரு வினைக்கும் ‘வாஸ்’ போட்டு, வினையின் இறுதியில் ‘இங்’ சேர்ப்பதே என் வழக்கம். ‘சிறுவயதில் தினமும் நீந்திக்கொண்டிருந்தேன்’ என்பது என் கையில் ‘ஐ வாஸ் ஸ்விம்மிங் எவ்ரி டே’ ஆகிவிடும். தமிழில் அவ்வடிவம் பழக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ பழக்கத்துக்கு ‘ஐ ஸ்வாம்’ அல்லது ‘ஐ யூஸ்டு டு ஸ்விம்’ என்பதே இயல்பு.

குறிப்பிட்ட கணத்தில் அந்தச் செயல் முன்பே தொடங்கி, முடியாமல் நடுவில் இருந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் குழப்பம் தெளிந்தது. ‘வென் ஹி கேம், ஐ வாஸ் ரைட்டிங்’ என்றால், அவர் வரும்முன்பே எழுதத் தொடங்கியிருந்தேன் என்று பொருள். ‘வென் ஹி லெஃப்ட், ஐ ரோட் எ லெட்டர்’ என்றால், அவர் சென்ற பிறகே எழுதினேன் என்று பொருள். வினைவடிவம் நிகழ்ச்சிகளின் வரிசையையே தீர்மானிக்கிறது என்பதை எந்த இலக்கண அட்டவணையும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தவில்லை.

நிலைவினைகள் மட்டும் இன்னும் தொல்லை தந்தன. ‘நோ’ (அறிந்திருத்தல்), ‘பிலாங்’ (உரியதாக இருத்தல்) போன்றவை செயலை அல்ல, நிலையைக் குறிப்பதால் ‘ஐ வாஸ் நோயிங்’ என்பது பிழை. ‘ஹேவ்’ இரட்டை வேடக்காரன்: ‘ஐ வாஸ் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனெனில் அங்கே அது உண்ணுதல், ‘ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்’ தவறு, ஏனெனில் இங்கே அது உடைமை. இப்போது எழுதி முடித்ததும் ‘வாஸ்’, ‘வேர்’ வரும் இடங்களை மட்டும் அடிக்கோடிட்டு, மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறேன்.