ஹினா பொம்மைகள்: அடுக்கும்போதும் எடுத்து வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் பெண் குழந்தைகளின் நலம் வேண்டி மார்ச் 3 அன்று கொண்டாடும் ஹினா மட்சுரிக்கு, அரசர், அரசி, அவர்களது அரசவையினர் வடிவில் வீடுகளில் படிப்படியாக அடுக்கி வைக்கும் பொம்மைகள், பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் பல தலைமுறைக்கு வரும். வரிசை மாற்றி வைத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வெறுங்கையால் தொட்ட முகத்தையும், ஈரத்தோடு மூடிய பெட்டியையும் அப்படிச் சரிசெய்ய முடியாது.

முகம்தான் முதலில் கெடுவது. மரபு முறையில் பாலோனியா மரத்தூளைக் கோதுமைப் பசையில் பிசைந்து அச்சிலிட்டுத் தலையைச் செய்வார்கள். அதன் மேல் சிப்பி ஓட்டுத் தூளை வச்சிரப் பசையில் குழைத்துப் பல முறை பூசி மெருகேற்றுவார்கள். 'கொஃபுன்' என்னும் இந்தப் பூச்சு எண்ணெயை உறிஞ்சும். தண்ணீர் பட்டால் இளகும். விரல் பட்ட இடம் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாளடைவில் மஞ்சள் கறையாக எழும். அதைக் கண்டு பதறி ஈரத்துணியால் துடைத்தால் வரைந்த புருவமும் உதடும் சேர்ந்தே போய்விடும். கறையை அப்படியே விட்டு, பழுதுபார்க்கும் பொம்மைக் கலைஞரிடம் கொடுப்பதே நல்லது. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, உடலின் அடிப்பகுதியை இரு கைகளாலும் தாங்கித் தூக்குங்கள். தலையைப் பிடித்துத் தூக்கவே கூடாது; கழுத்தில் செருகிய குச்சியில்தான் அது நிற்கிறது. தூசியை இறகுத் துடைப்பத்தால் மெல்லத் தட்டினால் போதும்.

நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், பட்டு வெளுத்துவிடும். ஹீட்டர், ஏசிக் காற்று முகத்தில் அடித்தால் பூச்சு வெடிக்கும்.

ஏழு படி அடுக்கில் பலரும் தடுமாறுவது மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும்தான். மூன்றாம் படியின் ஐந்து இசைக் கலைஞர்களைக் கைகளின் நிலையை வைத்தே அடையாளம் காணலாம். நம் இடக்கை ஓரத்தில் குச்சி பிடித்த தைக்கோ மேளக்காரர். அடுத்து இடுப்பருகே மேளம் வைத்தவர், தோளில் மேளம் வைத்தவர், குழலூதுபவர். கடைசியில் விசிறியோடு பாடகர். நான்காம் படியில் வெள்ளைத் தாடி முதியவரே இடப்புற அமைச்சர், பதவியில் மூத்தவர். 'இடப்புறம்' என்பது மேலே அமர்ந்திருக்கும் அரசரின் இடப்புறம். ஆகவே நம் பார்வையில் அவர் வலப்பக்கம் வர வேண்டும். அடுக்கில் வைக்கும் குட்டிச் செர்ரி மரம் நம் வலப்பக்கம், தச்சிபானா ஆரஞ்சு மரம் இடப்பக்கம் வருவதும் இதே கணக்கில்தான். அரசரையே எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை வேண்டாம். நம் பார்வையில் டோக்கியோ பக்கத்து முறையில் அவர் இடப்புறம், கியோட்டோ முறையில் வலப்புறம். இரண்டுமே சரி.

மார்ச் 2 இரவில் அவசரமாக அடுக்குவதை 'ஓரிரவு அலங்காரம்' என்று சொல்லித் தவிர்ப்பார்கள். பிப்ரவரி நடுவிலேயே வைத்துவிடுங்கள்.

எடுத்து வைப்பதில்தான் பெரிய சேதம் நடக்கிறது. தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கைக்குப் பயந்து, மார்ச் 4 அன்று மழை பெய்தாலும் மூட்டை கட்டுபவர்கள் உண்டு. அந்த ஈரம் பட்டோடு பெட்டிக்குள் போய்ப் பூஞ்சையாகிறது. வெயிலடிக்கும் வறண்ட நாள் வரும்வரை ஒரு வாரம் காத்திருந்தாலும் குறையில்லை. முகத்தை மென்மையான டிஷ்யூ பேப்பரால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வாள், விசிறி போன்ற சிறு பொருள்களைக் கழற்றி, எந்தப் பொம்மையுடையது என்று எழுதிய காகித உறையில் போடுங்கள். பிரிக்கும் முன் படிகளைப் போனில் படமெடுத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு குழப்பம் வராது.

பூச்சி மருந்தில் ஒரே வகையை மட்டும் பயன்படுத்துங்கள். நாப்தலீன் அந்துருண்டையையும் பாராடைக்ளோரோபென்சீனையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி வழிந்து பட்டில் கறை படியும். கற்பூரத்தோடு கலந்தாலும் அதே கதிதான். அளவு மிஞ்சினால் ஜரிகை கறுக்கும், பிளாஸ்டிக் துணைப்பொருள்கள் இளகும். மருந்தைக் காகிதத்தில் பொதிந்து, பொம்மையைத் தொடாதபடி பெட்டியின் மூலையில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட வேண்டாம். அதிகம் உலர்ந்தாலும் முகம் வெடிக்கும்.

ஈரம் கீழேதான் தேங்கும், அதனால் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அக்டோபர் வாக்கில் வறண்ட நாள் ஒன்றில் பெட்டியைத் திறந்து, நிழலில் சில மணி நேரம் காற்றாட விட்டு, பூச்சி மருந்தை மாற்றி மூடுங்கள்.