விமான நிலையத்தில் வாடகைக் கார்: மலிவும் நம்பகமும் ஒன்றாகக் கிடைக்க

விமானத்திலிருந்து இறங்கியதும் தாமே ஓட்டிச் செல்லக் கார் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த ஓர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விமான நிலையக் கட்டணம், வரி, காப்பீடு, எரிபொருள், கூடுதல் ஓட்டுநர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு கார்டில் எவ்வளவு கழிகிறதோ அதுவே உண்மையான வாடகை. முதலில் காட்டப்பட்ட தொகைக்கும் கடைசியில் கழியும் தொகைக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் நிறுவனத்தையே நம்பகமானது என்று கொள்ள வேண்டும். இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால், மலிவைத் தேடுவதும் நம்பகத்தைத் தேடுவதும் ஏறக்குறைய ஒரே வேலையாகிவிடும்.

அந்த வேலையின் பெரும்பகுதியைப் புறப்படும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பயணக் களைப்போடும் பெட்டிகளோடும், பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது, ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் பொறுமையாகப் படிப்பவர் மிக அரிது. கவுண்ட்டரில் இருப்பவருக்கும் இது தெரியும்.

தேடும் முறை

பல நிறுவனங்களின் வாடகையை ஒரே பக்கத்தில் காட்டும் ஒப்பீட்டுத் தளங்களில் தொடங்கலாம். அந்த ஊரில், அந்தத் தேதிகளில் விலை எந்த அளவில் இருக்கிறது என்பது பிடிபடும். பிறகு அதே தேதிகளையும் அதே நேரத்தையும் கொடுத்து நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் பார்க்க வேண்டும். ஒரே தாய் நிறுவனம் பல பெயர்களில் கடை விரித்திருப்பதும் உண்டு. என்டர்பிரைஸ், நேஷனல், அலாமோ மூன்றும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ஏவிஸும் பட்ஜெட்டும் ஒரு குழுமம். ஹெர்ட்ஸ், டாலர், திரிஃப்டி மற்றொன்று. பெயருக்கேற்ப விலை மாறினாலும் பல இடங்களில் கார்கள் ஒரே வளாகத்திலிருந்துதான் வருகின்றன என்பதால், குழுமத்தின் விலை குறைந்த பெயரையும் தேடலில் சேர்த்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

இடைத்தரகர் வழியாகப் பதிவு செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தரகர் தருவது ஒரு வவுச்சர் மட்டுமே. கார் தரும் நிறுவனத்தோடு கவுண்ட்டரில் கையெழுத்திடும் வாடகை ஒப்பந்தம் வேறு. தரகரிடம் வாங்கிய 'முழுப் பாதுகாப்பு' என்ற காப்பீடு கவுண்ட்டரில் செல்லாது என்பதும், டெபாசிட்டைக் குறைக்காது என்பதும் அங்கே போய்த் தெரிய வரும்போது மாற்று வழி எதுவும் இருப்பதில்லை. ஆகவே வவுச்சரின் நிபந்தனைகளோடு கார் நிறுவனத்தின் நிபந்தனைகளையும் தேடிப் படிக்க வேண்டும். அந்த நிறுவனம் எது என்பதைப் பணம் கட்டும்வரை சொல்லாத தளங்களை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுவதே மேல்.

விமான நிலையத்துக்குள் கவுண்ட்டர் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதற்காக நிலையத்துக்குச் செலுத்தும் தொகையை வாடிக்கையாளரிடமிருந்தே வசூலிக்கின்றன. நகருக்குள் இருக்கும் கிளையில் அதே கார் குறைந்த வாடகைக்குக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் எடுப்பவர்கள் ரயிலிலோ டாக்சியிலோ நகருக்குச் சென்று காரை எடுப்பது லாபமாக அமையலாம். இரண்டு நாள் பயணத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. 'விமான நிலையம்' என்று தளத்தில் குறிக்கப்பட்ட கிளை முனையத்துக்குள் இருக்கிறதா, ஷட்டில் பேருந்தில் போக வேண்டிய தொலைவில் இருக்கிறதா என்பதையும் முகவரியை வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். நள்ளிரவில் இறங்குபவர்களுக்கு, அந்த நேரத்தில் கிளை திறந்திருக்கிறதா என்பது விலையைவிடப் பெரிய கேள்வி.

வாடகை நாள் என்பது காரை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். காலை 10 மணிக்கு எடுத்த காரைக் கடைசி நாள் பகல் 1 மணிக்குக் கொடுத்தால், பெரும்பாலும் இன்னொரு நாள் வாடகையோ மணிக்கணக்கில் கூடுதலோ விழும். பதிவு செய்யும்போது எடுக்கும் நேரத்தையும் கொடுக்கும் நேரத்தையும் சற்று நகர்த்திப் பார்த்தாலே மொத்தத் தொகை குறையக்கூடும். ஐந்து அல்லது ஆறு நாள் வாடகையைவிட ஏழு நாள் வாடகை குறைவாக இருக்கும் விசித்திரமும் உண்டு. ஆனால் வாரத்துக்கு எடுத்துவிட்டு முன்கூட்டியே கொடுத்தால் பழைய நாள் வாடகைக்கு மாற்றிக் கணக்கிடும் நிறுவனங்கள் இருப்பதால், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்ற வகையில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, பயணம் நெருங்கும்வரை அவ்வப்போது விலையைப் பார்த்து, குறைந்தால் புதிதாகப் பதிவு செய்து பழையதை ரத்து செய்வது எளிய, பலன் தரும் முறை. கடைசி நேரத்தில் விலை குறையும் என்று பதிவே செய்யாமல் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020-ல் பெருந்தொற்றால் பயணங்கள் நின்றபோது நிறுவனங்கள் தங்கள் கார்களில் கணிசமான பகுதியை விற்றுவிட்டன. 2021-ல் பயணிகள் திரும்பியபோது பல நாடுகளில் கார் பற்றாக்குறை ஏற்பட்டு வாடகை வெகுவாக உயர்ந்தது. விடுமுறைக் காலங்களில் இதே நிலை சிறிய அளவில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

பதிவாகும் கார் ஒரு குறிப்பிட்ட மாடல் அன்று, ஒரு வகை மட்டுமே. படத்தின் கீழ் இருக்கும் 'அல்லது இதுபோன்ற கார்' என்ற சொற்களுக்கு அதுவே பொருள். வகையைக் குறிக்க ஏக்ரிஸ் என்ற நான்கெழுத்துக் குறியீடு பல நாடுகளில் பயன்படுகிறது. முதல் எழுத்து காரின் அளவு, இரண்டாவது அதன் அமைப்பு, மூன்றாவது கியர் வகை, நான்காவது எரிபொருளும் ஏசியும். 'சி.டி.எம்.ஆர்.' என்றால் நடுத்தரச் சிறிய கார், நான்கு அல்லது ஐந்து கதவுகள், மேனுவல் கியர், ஏசி. மூன்றாவது எழுத்து 'எம்' என்பதற்குப் பதில் 'ஏ' என்றிருந்தால் ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் பதிவு செய்துவிட்டு, கவுண்ட்டரில் பெரும் தொகை கொடுத்து வகையை மாற்றிக்கொள்ள நேர்கிறது.

நிறுவனத்தின் பெயருக்கு உலகளவில் இருக்கும் மதிப்பு, குறிப்பிட்ட ஒரு கிளையைப் பற்றி அதிகம் சொல்லாது. பல ஊர்களில் அந்தப் பெயரை உள்ளூர் முகவர்களே உரிமம் பெற்று நடத்துகிறார்கள். எனவே அந்த விமான நிலையக் கிளையைப் பற்றிய அண்மைக்கால விமர்சனங்களை, குறைந்த மதிப்பெண் கொடுத்தவற்றிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். நீண்ட வரிசை, கடுகடுத்த ஊழியர், பழைய கார் என்ற புகார்களைப் பொறுத்துக்கொள்ளலாம். காரைக் கொடுத்த பிறகு வந்த சேதக் கட்டணம், திரும்பாத டெபாசிட், கேட்காமல் சேர்க்கப்பட்ட காப்பீடு ஆகியவை பலரின் எழுத்திலும் ஒரே மாதிரி வருமானால் அந்தக் கிளையைத் தவிர்க்க வேண்டும்.

உரிமமும் கார்டும்

வெளிநாட்டில் ஓட்டுபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத் தம் நாட்டிலேயே, அதற்கு அதிகாரம் பெற்ற அமைப்பிடம் வாங்கிச் செல்ல வேண்டும். அந்த அதிகாரம் இல்லாதவர்கள் இணையத்தில் பணம் பெற்றுக்கொண்டு விற்கும் அட்டைகளுக்குச் சட்ட மதிப்பு இல்லை. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் அனுமதி ஓராண்டுக்கும், 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டுகளுக்கும் செல்லும். ஜப்பான் போன்ற நாடுகள் 1949 வகையை மட்டுமே ஏற்கின்றன. எந்த வகையானாலும் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் நாளொன்றுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது பரவலான வழக்கம்.

டெபாசிட்டுக்காகக் கார்டில் முடக்கி வைக்கும் தொகை வாடகையைவிடப் பல மடங்கு இருக்கலாம். கிரெடிட் கார்டு முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில் பல நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன. கணவரின் பெயரில் பதிவு, மனைவியின் கார்டு என்றால் கார் கிடைக்காமல் போகலாம். டெபிட் கார்டையும் பிரீபெய்டு கார்டையும் பல கிளைகள் ஏற்பதில்லை. முடக்கிய தொகை விடுபடச் சில நாட்களோ வாரங்களோ ஆகக்கூடும் என்பதால், மீதிப் பயணத்துக்கு வேறொரு கார்டு வைத்திருப்பது அவசியம்.

காப்பீடு

கவுண்ட்டரில் அதிகம் விற்கப்படுவதும், வாங்குபவர்களுக்குக் குறைவாகப் புரிந்திருப்பதும் இதுதான். மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: அடுத்தவருக்கு நேரும் இழப்பை யார் தருவார்கள், வாடகைக் காருக்கு நேரும் சேதத்தை யார் தருவார்கள், அதில் நம் பங்கு எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியத்தில் அடுத்தவருக்கான காப்பீடு வாகனத்துக்குச் சட்டப்படி கட்டாயம் என்பதால் வாடகையிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். அடிப்படை வாடகையில் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்பதால் அங்கே இந்த முதல் கேள்விக்குத்தான் அதிகக் கவனம் தேவை.

காரின் சேதத்துக்கு 'சி.டி.டபிள்யூ.' என்று குறிக்கப்படும் ஏற்பாடு நம் பொறுப்பை ஒரு வரம்புக்குள் நிறுத்துகிறது. அந்த வரம்பே எக்ஸஸ். சிறு கீறலானாலும் பெரிய விபத்தானாலும் அந்தத் தொகைவரை நாமே கட்ட வேண்டும். அதையும் பூஜ்யமாக்கத்தான் கவுண்ட்டரில் தினசரிக் கட்டணத்தில் கூடுதல் பாதுகாப்பு விற்கிறார்கள். இதே எக்ஸஸுக்கான தனிக் காப்பீட்டை வெளி நிறுவனத்தில் முன்கூட்டியே வாங்கினால் செலவு பெரும்பாலும் மிகக் குறைவு. ஆனால் சேதம் நேர்ந்தால் முதலில் நம் பணத்தைக் கட்டி, ஆவணங்களைச் சேர்த்து, பிறகு திரும்பப் பெற வேண்டும், டெபாசிட்டும் குறையாது. சில கிரெடிட் கார்டுகள் தரும் பாதுகாப்புக்கு, வாடகை முழுவதையும் அதே கார்டில் கட்ட வேண்டும், கவுண்ட்டரில் தரப்படும் சி.டி.டபிள்யூ.வை மறுக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும்; சில நாடுகளும் சில வகைக் கார்களும் விலக்கப்பட்டிருக்கும். கார்டில் போதிய வரம்பு இருந்து, காகித வேலைக்குச் சலிக்காதவர்களுக்கு வெளிக் காப்பீடே சிறந்தது என்பது என் கருத்து. அறிமுகமில்லாத சாலையில், சாலையின் எதிர்ப்புறம் ஓட்டப் போகும் ஒருவர் நிம்மதிக்காகக் கவுண்ட்டரிலேயே வாங்கினால் அதில் தவறில்லை. ஆனால் அந்தச் செலவையும் சேர்த்தே விலைகளை ஒப்பிட வேண்டும்.

டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், கூரை, தொலைந்த சாவி, தவறான எரிபொருளை நிரப்புவது ஆகியவை சாதாரண சி.டி.டபிள்யூ.வில் பெரும்பாலும் சேராது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ, மது அருந்திவிட்டு ஓட்டினாலோ, அனுமதிக்கப்படாத மண் சாலையில் போனாலோ மொத்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஐரோப்பாவில் கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலை காட்டும் வழக்கத்தை நுகர்வோர் அமைப்புகளும் ஐரோப்பிய ஆணையமும் பல ஆண்டுகள் தட்டிக்கேட்டன. ஏவிஸ், என்டர்பிரைஸ், யூரோப்கார், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களும் விலையையும் காப்பீட்டு விவரத்தையும் தெளிவாகக் காட்டும்படி தம் நடைமுறையை மாற்றிக்கொண்டதாக 2019 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. சிறிய நிறுவனங்களும் தரகர்களும் காட்டும் விலையை இன்னும் வரிக்கு வரி படித்தே தீர வேண்டும்.

காரை எடுக்கும்போது

பதிவில் விமான எண்ணைக் கொடுத்திருந்தால், விமானம் தாமதமாகும்போது காரை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு குறையும். கவுண்ட்டரில் கையெழுத்துக்காக நீட்டப்படும் சிறு திரையில், கூடுதல் காப்பீடு, சாலை உதவி, எரிபொருள் முன்கட்டணம் ஆகியவற்றுக்கு எதிரே ஏற்கெனவே 'சம்மதம்' விழுந்திருக்கலாம். கையெழுத்திடும் முன் மொத்தத் தொகையை முன்பதிவுத் தொகையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எதனால் என்று கேட்க வேண்டும். கார்டு இயந்திரம் நம் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டு நாணயத்தை மறுத்தால்தான் மாற்று விகிதத்தில் சேரும் கூடுதல் தொகை தவிரும்.

சாவி கைக்கு வந்ததும் பெட்டிகளை ஏற்றாமல் முதலில் காரைச் சுற்றி வர வேண்டும். கைபேசியில் தேதியும் நேரமும் பதிவாகும்படி ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுப்பது சிறந்தது. கண் மட்டத்தில் தெரியும் கீறல்களை ஊழியரே குறித்திருப்பார். பிற்பாடு வழக்காவது குனிந்தால் மட்டுமே தெரிபவை. நான்கு சக்கரங்களின் ரிம் விளிம்பில் நடைபாதைக் கல் உரசிய தடம், முன் பம்பரின் கீழ் உதடு, கதவின் விளிம்பு, பக்கக் கண்ணாடியின் வெளிக்கூடு, முன்கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி ஆகியவற்றை அருகில் சென்று எடுக்க வேண்டும். கார் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் துடைத்துத் தரச் சொல்லலாம், இருட்டாக இருந்தால் வெளிச்சத்துக்கு நகர்த்தலாம். குறிக்கப்படாத சேதம் இருந்தால் ஊழியரை அழைத்துப் படிவத்தில் எழுதச் சொல்லி, அந்தப் படிவத்தையும் படமெடுக்க வேண்டும். வாசலில் கேமராக்களைக் கொண்டு தானாகவே காரை ஆராயும் ஏற்பாடு சில விமான நிலையங்களில் வந்துவிட்டதால், மனிதக் கண்ணுக்குத் தப்பும் சிறு பள்ளத்துக்கும் இனிக் கட்டணம் வரலாம்.

உள்ளே அமர்ந்ததும் எரிபொருள் முள்ளையும் ஓடோமீட்டரையும் ஒரு படம் எடுக்க வேண்டும். எரிபொருள் சின்னத்தின் பக்கத்தில் உள்ள சிறு முக்கோணம், நிரப்பும் மூடி காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்டும். ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை காற்றடிக்கும் கருவி மட்டும்தானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும்போது

எரிபொருள் ஏற்பாடுகளில் நிறைத்து வாங்கி நிறைத்துக் கொடுப்பதே வாடகைதாரருக்கு நியாயமானது. முன்கட்டணம் கட்டிக் காலியாகக் கொடுக்கும் முறையில், மிச்சமாகும் எரிபொருள் நிறுவனத்துக்கே போய்விடுகிறது. நிரப்பும் இடத்தை முன்தினமே வரைபடத்தில் பார்த்து வைத்து, விமான நிலையத்தின் வாசலிலேயே இருக்கும் பெட்ரோல் பங்க்கைத் தவிர்த்து, சில கிலோமீட்டர் முன்னதாக நிரப்பிக்கொண்டு ரசீதை வைத்திருக்க வேண்டும்.

ஊழியர் இருக்கும் நேரத்தில் காரைக் கொடுத்து, சேதம் இல்லை என்று எழுதிய ரசீதைப் பெறுவதே பாதுகாப்பு. கிளை மூடிய பின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் அவர்கள் காரைப் பார்க்கும்வரை பொறுப்பு நம்முடையதாகவே இருக்கும். அப்படிச் செய்ய நேர்ந்தால் நிறுத்திய இடத்தோடு சேர்த்து மறுபடியும் வீடியோ எடுக்க வேண்டும்.

சுங்கச்சாவடிக் கட்டணமும் அபராதமும் வாரங்கள் கழித்தும் வரலாம். இத்தாலிய நகரங்களின் மையத்தில் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் தெரியாமல் நுழைந்தவர்களுக்கு, அபராதம் ஒரு பக்கமும், அவர்களின் விவரத்தைக் காவல்துறைக்குத் தந்ததற்காகக் கார் நிறுவனம் வாங்கும் கட்டணம் இன்னொரு பக்கமும் வந்து சேரும். இவற்றை மறுப்பது எளிதன்று. செய்யாத சேதத்துக்குத் தொகை கழிந்திருந்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் படங்களோடு மறுப்பு அனுப்பி, பழுதுபார்த்த ரசீதைக் கேட்க வேண்டும். சரியான பதில் வராவிட்டால், கார்டு வழங்கிய வங்கியிடம் அதன் காலக்கெடுவுக்குள் அந்தக் கழிவை எதிர்த்துப் புகார் பதிவு செய்யலாம். ஆகவே வீடியோ, ஒப்பந்தம், எரிபொருள் ரசீது, திருப்பிக் கொடுத்த ரசீது நான்கையும் குறைந்தது ஆறு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.