‘பிக் அப்’: எடுப்பதும் பிடிப்பதும்

ஆங்கிலத்தில் ‘பிக்’ என்றால் பொறுக்கு. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்ததும் சளி, வியாபாரம், ரயிலின் வேகம், போலீஸ் விசாரணை என்று எங்கெங்கோ போய்விடுகின்றன. அகராதியிலுள்ள பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் நிற்காது. தமிழ் தெரிந்தவருக்கு நல்ல பிடிமானம் ஒன்று உண்டு: இந்தச் சொல்லின் பெரும்பாலான பொருள்கள் ‘எடு’, ‘பிடி’ என்ற நம்முடைய இரண்டு வினைகளுக்குள் அடங்கிவிடும்.

முதலில் ‘எடு’. கீழே விழுந்த பேனாவை எடுப்பது, அடிக்கிற போனை எடுப்பது, விட்ட இடத்திலிருந்து பேச்சை மறுபடி எடுப்பது எல்லாமே ‘பிக் அப்’தான். வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்கி வருவதும் (‘பிக் அப் சம் மில்க்’), பள்ளி வாசலில் பிள்ளையை ஏற்றிக்கொள்வதும் இதன் நீட்சி. ஓட்டலில் எல்லாருடைய செலவையும் ஒருவரே ஏற்றுக்கொண்டால் ‘ஹி பிக்ட் அப் த பில்’.

‘பிடி’யில்தான் சுவை அதிகம். ரயில் வேகம் பிடித்தது: ‘த ட்ரெயின் பிக்ட் அப் ஸ்பீட்’. சளி பிடித்தது: ‘ஐ பிக்ட் அப் அ கோல்ட்’. வியாபாரம் சூடு பிடிக்கிறது: ‘சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்’. ரேடியோ ஒரு நிலையத்தைப் பிடிப்பதும், மைக் பக்கத்து அறைச் சத்தத்தைப் பிடிப்பதும், ஒருவரைப் போலீஸ் பிடித்துப்போவதும் அப்படியே. ஆறு மாதம் டெல்லியில் வேலை பார்த்ததில் இந்தி பிடிபட்டது என்கிறோமே, அதுவும் ‘ஐ பிக்ட் அப் ஹிந்தி’.

இந்தக் கடைசிப் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு. தானாக, பழக்கத்தில், காதால் கேட்டுக் கற்றதற்கு மட்டுமே அது சரியாக வரும். கட்டணம் கட்டி, பாடத்திட்டத்தோடு படித்ததற்கு ‘லேர்ன்’ அல்லது ‘ஸ்டடி’ என்று எழுதுங்கள். வேலை விண்ணப்பத்தில் ‘பிக்ட் அப் அக்கவுன்டிங்’ என்று போட்டால், அரைகுறையாகத் தெரியும் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். நோய்க்கும் இதே கவனம் தேவை. சளி, வயிற்றுக் கோளாறு, தொற்று போல வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்பவற்றுக்குத்தான் ‘பிக் அப்’. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வராது.

தமிழ்ப் பிடிமானம் கைவிடும் இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ் பிடிப்பது ‘கேட்ச்’. படம் எடுப்பதும் லீவு எடுப்பதும் ‘டேக்’. மழைதான் பலரையும் ஏமாற்றும். ‘மழை பிடித்துக்கொண்டது’ என்றால் பெய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ‘த ரெய்ன் பிக்ட் அப்’ என்றாலோ, ஏற்கெனவே பெய்துகொண்டிருந்த மழை வலுத்தது. காற்றுக்கும் அப்படித்தான்.

இனி வாக்கிய அமைப்பு. அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். மீ, யூ, இட், ஹிம், ஹர், அஸ், தெம் ஆகிய பிரதிப்பெயர்கள் நடுவில்தான் உட்கார வேண்டும். ‘பிக் மீ அப் அட் சிக்ஸ்’ சரி. ‘பிக் அப் மீ’ எந்த இடத்திலும் தவறு. பெயர்ச்சொல் என்றால் இரண்டு பக்கமும் போகலாம்: ‘பிக் த பார்சல் அப்’, ‘பிக் அப் த பார்சல்’. ஆனால் ‘நேற்று வந்து வாசலில் கிடக்கிற பார்சல்’ என்று நீளமாக இருந்தால் ‘அப்’புக்குப் பின்னால் வையுங்கள். நடுவில் வைத்தால், வாக்கியம் முடிவதற்குள் ‘அப்’ எங்கே என்று கேட்பவர் தேட வேண்டியிருக்கும். வியாபாரம், காற்று, மழை தாமாகவே கூடும்போது செயப்படுபொருளே வராது. அதனால் ‘சேல்ஸ் வேர் பிக்ட் அப்’ என்று எழுதாதீர்கள். ‘சேல்ஸ் பிக்ட் அப்’ போதும்.

இன்னொரு பரவலான பிழை, ‘அப்’பை விழுங்கிவிடுவது. ‘ஷி இஸ் நாட் பிக்கிங் மை கால்’ நம் ஊர் அலுவலகங்களில் செல்லுபடியாகும். வெளிநாட்டவருக்கோ ‘பிக்’ மட்டும் வந்தால் ‘தேர்ந்தெடு’ என்றே முதலில் தோன்றும். ‘ஷி இஸ் நாட் பிக்கிங் அப்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ‘கால்’ வேண்டுமென்றால் ‘ஆன்சரிங்’ போடுங்கள்.

பின்னால் இன்னொரு ஒட்டு சேர்ந்தால் பொருள் மறுபடி நகரும். ‘பிக் அப் ஆன்’ என்றால் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததைக் கவனித்துப் புரிந்துகொள்வது. ‘பிக் அப் ஆஃப்டர்’ என்றால் ஒருவர் இறைத்துப் போட்டதைப் பின்னாலேயே போய் ஒழுங்குபடுத்துவது. இந்த மூன்று சொற்களையும் பிரிக்கக்கூடாது.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கணம் நிதானியுங்கள். ‘ஹி பிக்ட் ஹர் அப் அட் த ஸ்டேஷன்’ என்றால் ரயில் நிலையத்தில் போய் அழைத்து வந்தான். ‘ஸ்டேஷன்’ இருந்த இடத்தில் ‘பார்’ வந்தால், முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துத் தன்னோடு வரச் செய்தான் என்ற பொருளுக்கு இடம் கொடுக்கும். பலபொருள் ஒருசொல்லை இனமும் சார்பும் பார்த்துத் தெளிய வேண்டும் என்று தமிழ் இலக்கணம் சொல்லும் வழியே இங்கும் உதவும். பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

உச்சரிப்பில் கடந்த காலத்தை ‘பிக்கெட்’ என்று இழுக்க வேண்டாம். ‘பிக்டப்’ என்று ஒரே மூச்சில் வரட்டும். வினையாக வரும்போது அழுத்தம் ‘அப்’பில் விழும், எழுத்தில் இரண்டு சொல். பெயராக வந்தால் அழுத்தம் ‘பிக்’கில் விழும், பிக்கப் லாரி, கிட்டார் நரம்பின் அதிர்வை மின்சார அலையாக்கும் பிக்கப் எல்லாம் இந்த வகை, பெரும்பாலும் ஒரே சொல்லாக எழுதுவார்கள். ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்று மெக்கானிக்கிடம் சொல்வதும் பெயர்தான். எழுதும்போது அந்த இடத்தில் ‘ஆக்சிலரேஷன்’ என்று போட்டால் எல்லா நாட்டவருக்கும் புரியும்.