கடனே என்று செய்யாத உடற்பயிற்சி: வேகத்தைச் சரிசெய்வதிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் 40 நிமிட ஓட்டம். மறுநாள் படியிறங்கும்போது தொடை கதறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓடுகிறோம். அப்புறம் ஒருநாள் மழை, ஒருநாள் வேலை, அத்தோடு ஷூ கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. இதற்கு ‘ஆரம்ப சூரத்தனம்’ என்று பெயர் வைத்துப் பழியைச் சோம்பல் மேல் போட்டுவிடுவோம். ஆனால் பல நேரங்களில் கோளாறு வேகத்தில்தான் இருக்கிறது. உடம்பைப் படுத்தியெடுத்த ஒன்றை மறுபடி செய்யச் சொன்னால் மனம் சாக்குத் தேடத்தான் செய்யும். மனத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் பயிற்சியை மாற்றுவது எளிது.

மூச்சு வாங்கும் எல்லை

மெதுவாக நடக்கும்போது தசைக்கு வேண்டிய ஆற்றல் பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே கிடைத்துவிடும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில், தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் உருவாகும் வேகம் அது அகற்றப்படும் வேகத்தை மிஞ்சத் தொடங்கும். மூச்சும் சட்டென்று வேகமெடுக்கும். இந்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை பயிற்சி பலருக்கு இதமாகவே இருக்கிறது. தாண்டிவிட்டால், நன்றாகப் பழகியவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோருக்கும் உற்சாகம் வடிகிறது. பழக்கமில்லாத உடம்பில் இந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடும். நண்பருக்கு உல்லாசமாக இருக்கும் வேகம் உங்களுக்குத் தண்டனையாக இருப்பது இதனால்தான். அவருக்கு ஈடுகொடுத்து ஓடப் பார்த்தால் பத்தே நாளில் ஓட்டமும் கசக்கும், நட்பும் கசக்கும்.

எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். போய்க்கொண்டே 10 சொல் கொண்ட ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். தடையில்லாமல் சொல்ல வருகிறது, ஆனால் பாட வரவில்லை என்றால் அதுதான் உங்கள் வேகம். மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பாட்டே பாட முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம். இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தைவிடத் தொடக்கத்தில் இந்தச் சோதனையே மேல். குறிப்பாக, இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கம்போல் ஏறாது. கடிகாரத்தை நம்பினால் அளவு தவறிவிடும்.

இன்னொரு அளவும் கைவசம் இருக்கட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை “இப்போது எப்படி இருக்கிறது?” என்று உங்களையே கேட்டு, −5 முதல் +5 வரை ஓர் எண் கொடுங்கள். −5 என்றால் தாங்க முடியவில்லை, 0 என்றால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, +5 என்றால் அருமை. எண் +1க்குக் கீழே போனால் வேகத்தைக் குறையுங்கள். முதல் ஒரு மாதம் இந்த எண் சொல்வதைக் கேளுங்கள். தூரக் கணக்கும் நேரக் கணக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட ஆசைப்படுகிறவர்கள் 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று 6 முதல் 8 சுற்று போகலாம். மொத்தம் 18 முதல் 24 நிமிடம் ஆகும். இதில் பலரும் செய்யும் தவறு, “இன்னும் தெம்பிருக்கிறதே” என்று முதல் இரண்டு சுற்றில் நடையை விட்டுவிடுவது. மூச்சு முட்டிய பிறகு நடைக்கு வந்தால் அந்த நடை மூச்சைத் தேடிப் பிடிப்பதிலேயே போய்விடும். முட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். இரண்டு வாரம் இப்படிப் போய், கடைசிச் சுற்றிலும் எண் இறங்காமல் இருந்தால் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மேட்டில் வீம்புக்கு மிதிக்காமல் கியரைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் 10 நிமிடத்தை நம்பாதீர்கள்

பயிற்சியைத் தொடங்கியவுடன் தசைகள் கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொண்டுவந்து சேர்த்துவிடாது. மிதமான வேகத்தில்கூட ஈடுகட்ட 2, 3 நிமிடம் பிடிக்கும். அதனால்தான் தொடக்கத்தில் கால் கனக்கிறது, “இன்று முடியாது” என்று தோன்றுகிறது. அதை வைத்தே முழுப் பயிற்சியும் இப்படித்தான் இருக்கும் என்று மனம் தீர்ப்பெழுதிவிடும். பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், முடித்த பிறகு அதைவிட நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண்ணில் நிற்பது கடினமான தொடக்கம் என்பதே காரணம்.

செய்ய வேண்டியது இரண்டு. முதல் 5 முதல் 10 நிமிடம் உங்கள் வழக்கமான வேகத்தில் பாதியில் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பு சூடானதும், உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியை முதலில் வையுங்கள். பிடித்ததைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தால் வாசலைத் தாண்டுவதற்கே மனம் வராது. அப்படியும் தயக்கம் போகாத நாளில், 10 நிமிடம் முடிந்ததும் திரும்பிவிட உங்களுக்கே அனுமதி கொடுத்துவிடுங்கள். அனுமதி உண்மையானதாக இருக்க வேண்டும். ஏமாற்றித் தொடர வைத்தால் அடுத்த முறை மனம் நம்பாது.

கடைசி 5 நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் வேகத்துக்கு அடுத்தபடி இதை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைப்பது அதன் உச்சத்தையும் முடிவையும் கொண்டுதான். 2016-இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு குழு 15 நிமிடச் சைக்கிள் பயிற்சியை எளிதில் தொடங்கிக் கடினத்தில் முடித்தது. இன்னொரு குழு அதையே தலைகீழாகச் செய்தது. எளிதில் முடித்தவர்களுக்குத்தான் பயிற்சி இனிமையாக நினைவில் நின்றது. அடுத்த முறையும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களும் அவர்களே.

நாம் வழக்கமாகச் செய்வதோ இதற்கு நேரெதிர். கடைசி நூறு மீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, கை நடுங்க நடுங்க கடைசி புஷ்-அப் எடுப்பது, பிளாங்க்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முடிப்பது. மறுநாள் நினைவில் நிற்பது அந்த நடுக்கம்தான். கடினமானதைக் கடைசிக்குத் தள்ளாமல் முன்பே முடித்துவிடுங்கள். 30 நிமிடம் நடக்கிறீர்கள் என்றால் 8-ஆவது நிமிடத்திலிருந்து 18-ஆவது நிமிடம் வரை வேகம் இருக்கட்டும். அதன்பின் படிப்படியாகக் குறைத்து, கடைசி 5 நிமிடம் உலாத்துங்கள். மேடும் பள்ளமுமான பாதையாக இருந்தால் மேடு முதலில் வரும் திசையில் சுற்றுங்கள்.

தசைப் பயிற்சியும் மூன்றாம் நாள் வலியும்

புதிதாக எடை தூக்கியவர்களும் உட்கார்ந்தெழுந்தவர்களும் விட்டுவிடுவது பெரும்பாலும் வலியால். இந்த வலி உடனே வராது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் அசைவுகளில், அதாவது எடையைக் கீழே இறக்குவது, இறக்கத்தில் ஓடுவது, படியிறங்குவது போன்றவற்றில், இது அதிகம். நல்ல செய்தி என்னவென்றால், அதே பயிற்சியைச் சில நாள் கழித்துத் திரும்பச் செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்துவிடும். எனவே முதல் முறை முடியும் அளவில் பாதி போதும்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துப் புஷ்-அப், ஒரு பையில் கனமேற்றி இழுப்பது, குதிகாலை உயர்த்துவது என்று நான்கு அசைவு தொடங்கப் போதும். முதல் வாரம் ஒவ்வொன்றும் ஒரு சுற்று, 8 முறை. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு சுற்று, 8 முதல் 12 முறை. இன்னும் 2, 3 எடுக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒருநாள் இடைவெளி. வலி மூட்டுக்குள் குத்தினாலோ ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ அது இந்த வகை வலி அல்ல. பல்லைக் கடித்துத் தொடரக் கூடாது.

எதைச் செய்வது

“சலிப்பாக இருக்கிறது” என்று சொல்பவர்களிடம் என்ன சலிப்பு என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது சலித்தால் பந்து, ஷட்டில், நடனம் போல ஒவ்வொரு கணமும் கவனம் கேட்பது ஒத்துவரும். பேச ஆளில்லாதது சலித்தால் துணை தேடுங்கள். ஆனால் வேகம் ஒத்துப்போகிறவராக இருக்க வேண்டும். நாள் முழுக்க மனிதர்களோடு மல்லாடுகிறவருக்குத் தனியே நீந்துவதோ நடப்பதோதான் விருந்து. பிறர் பார்ப்பது கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே தொடங்குவதில் தவறில்லை. எதை எடுத்தாலும் 4 தடவையாவது செய்த பிறகு முடிவெடுங்கள். முதல் இரண்டு தடவை கைகால் சொன்னபடி கேட்காது. பிடிக்கவில்லையா, பழகவில்லையா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

இசை உதவும். நிமிடத்துக்கு 120 முதல் 140 தாளத் தட்டு உள்ள பாடல்கள் பொருத்தம். 15 வினாடியில் 30 முதல் 35 தட்டு என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கதையோ தொடரோ கேட்கும் பழக்கம் இருந்தால் அதைப் பயிற்சி நேரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜிம்முக்கு வந்தால்தான் கேட்க முடியும் என்று ஒலிநூல்களை வைத்ததும் வருகை கூடியது. ஆனால் விடுமுறை ஒன்று குறுக்கிட்டதும் பலன் கரைந்துவிட்டது. எனவே ஒவ்வோர் இடைவெளிக்குப் பிறகும் புதுக் கதையோடு தொடங்குவது நல்லது. சாலையோரம் நடக்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

நாளும் நேரமும், தவறிய நாளும்

“நாளையிலிருந்து செய்வேன்” என்பதை “மாலை வேலை முடிந்து உடை மாற்றியதும், வாசலிலிருந்து நேராகப் பூங்கா” என்று இடமும் நேரமும் சேர்த்து எழுதி வையுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிட்டால் நினைவூட்டல் தேவைப்படாது. கூடவே, நாள் குலைந்துபோனால் செய்ய ஒரு சின்ன வடிவம்: 10 நிமிட நடை, அல்லது நான்கு அசைவும் ஒரு சுற்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைச் சொல்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கை பலரைக் கவிழ்த்திருக்கிறது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், செயல் தானாக வரும் நிலையை அடைய ஆன காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை பரவியிருந்தது. நடு அளவு 66 நாள். ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆகவே விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அது மறுபடி அந்த மூச்சு எல்லையைத் தாண்ட வைத்துவிடும். இரண்டு வாரம் விட்டுப்போனால் பாதி நேரத்தில் மறுபடி தொடங்குங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஓய்வுதான். தணிந்த பிறகும் அவசரம் வேண்டாம்.

நாளுக்கு 10,000 காலடி என்ற இலக்கைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. எடை பார்க்கும் கருவியும் தொடக்கத்தில் நல்ல துணையல்ல. மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே பாதையை அதே நிமிடக் கணக்கில் நடந்து, போகும்போதே அந்தப் 10 சொல் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். முன்பு திணறிய மேட்டில் இப்போது வாய் தாராளமாகப் பேசும்.

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். சற்று ஓய்வெடுத்தும் அடங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.