ஒரு குவார்ட்டர் என்றால் எத்தனை? போதைமீட்பு வார்டில் முதல் ஆய்வு செய்யப்போகும் மருத்துவருக்கு

முதல் ஆய்வுக்குப் பெரிய தலைப்போடு கிளம்பாதீர்கள். நான் அப்படித்தான் கிளம்பினேன். ‘குடிநோயின் சமூகக் காரணங்கள்’ என்று எழுதிக் கொண்டுபோன தாளை என் வழிகாட்டி மடித்து ஓரமாக வைத்தார். “போன மாதம் வீட்டுக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி ஓ.பி.க்கு வந்தார்கள், சொல்லும்மா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் பதிவேடுகளைப் புரட்டினேன். கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.

வழிகாட்டியைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் உங்களோடு உட்காருவாரா என்று பாருங்கள். புள்ளியியல் தெரிந்தவரைத் தரவு சேர்க்கும் முன்பே போய்ப் பாருங்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

இனி அளவுக்கு வருகிறேன்; புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். குடிப்பழக்கம் எவ்வளவு தீவிரம் என்று அறிய உதவும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்பது இரண்டாவது கேள்வி. நோயாளி “ஒரு குவார்ட்டர்” என்பார். பயிற்சி மருத்துவர் ‘ஒன்று’ என்று குறித்துக்கொள்வார். குவார்ட்டரின் 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் எடையில் ஏறத்தாழ 60 கிராம். பத்து கிராம் ஒரு டிரிங்க் என்ற கணக்கில் அது ஆறு! ‘ஒன்று’ என்று குறித்ததற்குப் பூஜ்யம் விழுந்த இடத்தில், ஆறுக்கு உரிய இரண்டு மதிப்பெண் விழ வேண்டும். நான் முதல் நாற்பது படிவங்களைத் தூக்கிப்போட்டது இதனால்தான். போனது போகட்டும் என்று விட்டிருந்தால் ஆய்வே பொய்யாகியிருக்கும்.

“கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் குடித்தீர்கள்?” என்று மொட்டையாகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. நாட்காட்டியை முன்னால் விரித்து வையுங்கள். சம்பள நாள், ஊர்க் கொடை, மச்சினன் கல்யாணம், கடை மூடியிருந்த அக்டோபர் 2 என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனால் பதில் தானாக வரும்.

சம்மதக் கையெழுத்தைச் சேர்க்கையன்று வாங்காதீர்கள். கை நடுங்குகிறவர், நாள் கிழமை குழம்பியிருப்பவர் எதில் சம்மதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. நடுக்கம் அடங்கட்டும். நீங்கள் விளக்கியதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்ன பிறகு பேனாவைக் கொடுங்கள். மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. தளத்தில் பதிய வேண்டும்.

திரும்பி வராதவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வந்தவர்களை மட்டும் வைத்து ‘எழுபது சதவீதம் குடியை விட்டார்கள்’ என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். வராதவரின் வரிசையையும் அட்டவணையில் வையுங்கள். அவரைத் தேடித் தொலைபேசியில் அழைக்கலாம். ஆனால் எந்த எண், யார் எடுத்தால் பேசலாம் என்பதை ஆய்வில் சேர்க்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் வார்டின் பெயரைச் சொல்லிவிட்டேன். எடுத்தது அவருடைய முதலாளி.