நடுவழியில் கார் நின்றால்: உதவி வரும் வரை பிள்ளைகளுடன்

சாலை உதவிக்கு அழைத்தால் வரும் டோ வண்டி, காரை ஏற்றிச் செல்லத்தான் வருகிறது. அதன் முன்பகுதியில் டிரைவரைத் தவிர இரண்டு பேருக்கு இடம் இருந்தாலே பெரிது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் அங்கேயே கணக்கு இடிக்கிறது. அதனால் முதல் போனிலிருந்தே காருக்கு ஒரு ஏற்பாடு, பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு என்று பிரித்தே யோசியுங்கள்.

இன்ஜின் திணறத் தொடங்கியதுமே ஹசார்ட் விளக்கைப் போட்டு, உருளும் வேகம் இருக்கும்போதே ஓரத்துக்கு ஒதுங்குங்கள். முன் சக்கரங்களைச் சாலையை விட்டு விலகும்படி ஓரத்துப் பக்கம் திருப்பி, ஹேண்ட் பிரேக் போடுங்கள். எல்லாரும் இறங்குவது போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக மட்டும்தான். இங்கே இரண்டு சிக்கல் வரும். பின்கதவில் சைல்ட் லாக் போட்டிருந்தால் பிள்ளைகளால் உள்ளிருந்து திறக்க முடியாது. பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி வெளியிலிருந்து திறக்க வேண்டும். சாலைப்பக்க சீட்டில் குழந்தை இருந்தால், வெளியே நின்று அந்தக் கதவைத் திறக்காமல், மறுபக்கம் வழியாக உள்ளே சாய்ந்து பெல்ட்டைக் கழற்றி இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரியவர் என்றால் கைக்குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணியோ கேரியரோ இருப்பது நல்லது. பெரிய பிள்ளையைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே.

இறங்கியதும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். ஆனால் பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கம் விடும் முன் எட்டிப் பாருங்கள். பாலமாகவோ மேட்டுச் சாலையாகவோ இருந்தால், இருட்டில் புதர்போலத் தெரிவது வெறும் பள்ளமாக இருக்கலாம். நிற்கும் இடமும் முக்கியம். காருக்கு நேராகவோ முன்னாலோ நிற்கக்கூடாது. பின்னால் வரும் லாரி இடித்தால் கார் முன்னோக்கித்தான் பாயும். காரின் பின்பக்கம், வாகனங்கள் வரும் திசையில் பல மீட்டர் தள்ளி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். இறங்கவே வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எல்லாருக்கும் பெல்ட், ஹசார்ட் விளக்கு, உடனே அவசர எண். டோ வண்டியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் 45 மீட்டரில் வைக்கச் சொல்கிறது பிரிட்டனின் சாலை விதி. மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையில் வைக்கவே கூடாது என்றும் சொல்கிறது. காரணம் எளிது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் 45 மீட்டரை 2 விநாடிக்குள் தாண்டிவிடும். பிள்ளைகளோடு நீங்கள் ஒருவரே பெரியவர் என்றால் முக்கோணத்தை விட்டுவிடுங்கள்.

போனில் முதல் வாக்கியமே 'கூட இத்தனை வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பதாக இருக்கட்டும். முன்னுரிமை தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். பிறகு இடம்: லைவ் லொக்கேஷனோடு, எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண். நடுவில் தடுப்புள்ள சாலையில் திசை தவறினால், அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வருவார்கள். வண்டி எண், மாடல், ஆட்டோமேட்டிக்கா, எலக்ட்ரிக்கா என்பதையும் சொல்லி, ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ், எலக்ட்ரிக் கார்களுக்கு, காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று கேளுங்கள். சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸோ மோட்டாரோ கெட்டுப்போகலாம். கடைசியாக, 'எத்தனை பேரை ஏற்றுவீர்கள், குழந்தை சீட்டை மாட்ட பெல்ட் இருக்கிறதா?' இல்லை என்றால் அந்த அழைப்பிலேயே டாக்ஸிக்கோ உறவினருக்கோ ஏற்பாடு தொடங்கிவிட வேண்டும்.

பேசிய போன் பிள்ளைகளின் கைக்குப் போகக்கூடாது. இரண்டு கார்ட்டூனில் சார்ஜ் தீர்ந்தால், டோ டிரைவர் வழி கேட்டு அழைக்கும்போது போன் அணைந்திருக்கும்.

வெயிலில் நிறுத்திய காரில் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். 'தூங்குகிறான், இருக்கட்டும்' என்று உள்ளே விடாதீர்கள். தண்ணீரையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போங்கள். இரவென்றால் ஒளிரும் ஜாக்கெட் முதலில் பிள்ளைகளுக்கு.

கேட்காமலே வந்து நிற்கும் டோ வண்டியை நம்பிச் சாவியைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் அழைத்த நிறுவனம் அனுப்பிய வண்டி எண்ணோடு ஒத்துப்பாருங்கள். உங்கள் பெயரையும் டிரைவரே சொல்லட்டும். காரை ஏற்றும் முன் குழந்தை சீட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் மறப்பது இதைத்தான். கார் பட்டறைக்குப் போன பிறகு டாக்ஸியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போக நேரும். மருந்து, பால் புட்டி, டயப்பர், மாற்றுடை எல்லாம் ஒரே பையில் இருந்தால் இந்த இறக்கம் 2 நிமிட வேலை. ஏற்றிய காருக்குள் யாரும் உட்கார்ந்து வரக்கூடாது, பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும்.

டயர் மாற்றினால் தீரும் பிரச்சினை என்றாலும், ஜாக்கி ஏறும் முன் காருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. ஸ்டெப்னியும் டோ கொக்கியும் டிக்கியின் தரைக்கு அடியில் கிடந்தால், கிளம்பும்போதே கனமான பெட்டிகளை அதன்மேல் அடுக்காதீர்கள். எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்க வேண்டி வரும்.

உதவிக்காகக் காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு: சாவி உள்ளே, குழந்தையும் உள்ளே, கார் பூட்டிக்கொண்டது. அவசர எண்ணை அழையுங்கள். வெயிலாக இருந்தாலோ குழந்தை சோர்ந்து தெரிந்தாலோ, குழந்தைக்கு மிகத் தொலைவில் உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான, கடினமான பொருளால் அடியுங்கள். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, விரிசல்தான் விடும். தூக்கியதும் நிழலுக்குக் கொண்டுபோய், உடையில் ஒட்டிய சில்லுகளைக் கையால் தேய்க்காமல் உதறிவிடுங்கள்.