முதலில் தீப்பெட்டி, அப்புறம்தான் பட்டை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டை வரைபடம் (bar graph) சொல்லித்தரப் போய் நான் செய்த முதல் தவறு, எடுத்த எடுப்பிலேயே கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்தது. படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, ஒன்று முதல் பத்து வரை எண்கள் எல்லாம் நானே போட்டுக்கொடுத்தேன். பிள்ளைகள் பாடவேளை முழுக்க ரசித்து வண்ணம் தீட்டினார்கள். மறுநாள் ஒருத்தியிடம், "இந்தப் பச்சைப் பட்டை என்ன சொல்லுதும்மா?" என்றேன். "பச்சை கலர் டீச்சர்" என்றாள். ஆறு பேருக்குக் கொய்யா பிடிக்கும் என்ற சேதி அந்தப் பட்டையில் அவளுக்குத் தெரியவே இல்லை.

சரி, பொருளை வைத்தே செய்வோம் என்று இறங்கினேன். அங்கேயும் சறுக்கல். காலில் போட்டுவந்ததை ஆளுக்கு ஒன்று கழற்றி, வகை பிரித்து வரிசையாக வைக்கச் சொன்னேன். ஹவாய் செருப்பு ஒன்பது, ஷூ ஏழு. ஷூக்காரர்கள் தாராளமாக இடம்விட்டு வைத்ததில் அந்த வரிசை வாசல்வரை போய்விட்டது. "எது அதிகம்?" என்றதும் வகுப்பே "ஷூ!" என்று கத்தியது. எண்ணிக் காட்டிய பிறகும் ஒரு பையன் மசியவில்லை: "அது ஒன்பதுதான் டீச்சர், ஆனா ஷூதான் நிறைய."

அவன் மீது தப்பில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே கவனித்துச் சொன்னது இதைத்தான். சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை வைத்து, ஒன்றைப் பிள்ளையின் கண்ணெதிரிலேயே அகட்டி வைத்தால், ஆறேழு வயதுக்குட்பட்ட பல பிள்ளைகள் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்பார்கள். பட்டை வரைபடமோ நீளத்தைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லும் வித்தை. எல்லா வரிசையும் ஒரே கோட்டில் தொடங்கி, ஒரே அளவுப் பொருளாக, ஒரே இடைவெளியில் இருந்தால்தான் அந்த நீளத்தை நம்பலாம். பலாப்பழத்தையும் எலுமிச்சையையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி ஒப்பிடச் சொன்னால் பெரியவர்களுக்கே குழப்பம் வரும்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது காலித் தீப்பெட்டி. ஆளுக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அவரவர் பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடைவெளிப் பிரச்சினையே எழாது. அடுக்கு ஏறியதும் அதன் பின்னால் ஒரு தாளை நிறுத்தி, ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டு, பெட்டிகளை எடுத்துவிடுங்கள். தாளில் மிஞ்சி நிற்பது பட்டை. தன் பெட்டி அதற்குள் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் விரலை வைத்துக் காட்டும். தரையில் ஒரே அளவு டைல்ஸ் இருந்தால் இன்னும் சுலபம்: டைலுக்கு ஒருவராக நிற்கவையுங்கள்.

கேள்வியிலும் நிறைய கோட்டை விடுகிறோம். "பிடித்த நிறம் எது?" என்பது செத்த கேள்வி; பதில் தெரிந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மாறாக, "நாளைக்கு எந்த விளையாட்டு ஆடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ஓட்டுக்கும் சண்டை வரும். அதே நேரம் எடை, அப்பாவின் வேலை, வீட்டில் எத்தனை அறை, காலையில் என்ன சாப்பிட்டாய் போன்றவற்றைத் தொடாதீர்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளை நாற்பது பேர் முன்னால் எந்த வரிசையில் போய் நிற்கும்?

"பள்ளிக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டபோது ஒருத்தி, "பாதி நடந்தேன், பாதி பஸ்ஸு" என்றாள். முன்பெல்லாம் "பஸ்ஸிலே போடு" என்று நானே முடித்துவிடுவேன். அந்த முறை வகுப்பிடம் விட்டேன். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு 'அதிக தூரம் எதில் வந்தோமோ அதுதான் கணக்கு' என்று தீர்ப்பானது. அன்றைய பாடத்தில் உருப்படியான பகுதி அந்தப் பத்து நிமிடம்தான் என்பேன். சைக்கிளில் யாருமே வராததால் அந்த இடத்தைத் தூக்கிவிட நினைத்தேன், தூக்காதது நல்லதாயிற்று. காலி இடம் சுழியத்தைக் காட்டுகிறது.

ஆளுக்கு ஒரு கோடு போட்டு ஐந்தைந்தாக எண்ணும் நேர்க்கோட்டுக் குறியில் (tally) பிள்ளைகள் செய்யும் ஒரு சின்னத் தவறு. ஐந்து கோடு நிமிர்த்திப் போட்டுவிட்டு ஆறாவதாகக் குறுக்குக்கோடு இழுப்பார்கள். குறுக்குக்கோடே ஐந்தாவது ஆள் என்பதை நான்கு ஐஸ் குச்சி வைத்து, ஐந்தாவதை மேலே சாய்த்துக் காட்டினால் பதியும்.

"எது அதிகம்?" என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்வதும் வீண். "பஸ்ஸைவிட நடந்து வந்தவர்கள் எத்தனை பேர் அதிகம்?" என்று கேளுங்கள், "பதினொன்று" என்று நடந்து வந்தவர்களின் மொத்தத்தைச் சொல்வார்கள். 'எத்தனை அதிகம்' என்பது அவர்கள் காதில் 'எத்தனை' என்றுதான் விழுகிறது. இரண்டு வரிசையையும் எதிரெதிரே நிறுத்தி, கைகோக்கச் சொல்லுங்கள். ஜோடி கிடைக்காமல் நிற்பவர்கள்தான் விடை. இதற்கு முன்பே 'ஒரு படம் = ஐந்து பேர்' என்று பட விளக்கப்படத்துக்குத் தாவ வேண்டாம்; அரைப் படத்தைப் பார்த்து அரை ஆளா என்று கேட்பார்கள்.

பட்டைகளின் உச்சிகளைக் கோட்டால் இணைத்து அழகு பார்க்கும் பழக்கமும் உண்டு. நடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே என்ன இருக்கிறது, கோடு போட? 1786இல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் பட்டை வரைபடத்தை வெளியிட்டபோது, ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக்கு ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் அவர் கையில் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு கோடிழுக்க வழியில்லை என்பதால்தான் நாட்டுக்கு நாடு பட்டை போட்டார்.

எங்கள் வகுப்பில் அன்று நடை பதினொன்று, பஸ் எட்டு, ஆட்டோ ஏழு என்று அடுக்கு நின்றது. தாளில் வரைந்து சுவரில் ஒட்டியும் ஆயிற்று. மறுநாள், முந்தின நாள் லீவு போட்டிருந்த பையன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "டீச்சர், நான் ஆட்டோல வர்றேன். என் பெட்டி எங்கே?" ஒட்டிய தாளைக் கழற்றி, ஆட்டோவின் மேல் இன்னொரு பெட்டி வரைந்தோம். "ஐயோ, இப்ப பஸ்ஸும் ஆட்டோவும் சமம்!" என்று பஸ்காரர்கள்தான் முதலில் கத்தினார்கள்.